ஹாப்பியும் ரெச்சும்: ஆங்கிலம் இன்பதுன்பங்களுக்கு இட்ட பெயர்கள்



ஆங்கில எழுத்து வரிசையில் ஒருகாலத்தில் 'இன்பம்' என்று பெயர் கொண்ட ஓர் எழுத்து இருந்தது. இன்று டபிள்யூ எழுதும் இடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலேயர் தங்கள் பழைய ரூன் எழுத்துகளிலிருந்து எடுத்த ஒரு வடிவத்தை எழுதிவந்தார்கள். அதன் பெயர் 'வின்'. அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சி, இன்பம் என்று பொருள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு மரபில் பயின்ற எழுத்தர்களுக்கு அந்த வடிவம் பழக்கமில்லை. இரண்டு யூக்களை அடுத்தடுத்து எழுதி ஒப்பேற்றினார்கள். 1300 வாக்கில் வின் எழுத்து வழக்கிலிருந்தே போய்விட்டது. சொல்லும் போயிற்று. கவர்ச்சியானவரைக் குறிக்கும் 'வின்ஸம்' என்ற சொல்லின் முன்பாதியாக மட்டும் அது இன்னும் இருக்கிறது.

இப்படி மறைந்த மகிழ்ச்சிச் சொற்கள் பழைய ஆங்கிலத்தில் பல. 'ட்ரேயம்' என்றால் களிப்பு, ஆரவாரம், இசை. அதே வடிவம் இன்று 'டிரீம்' ஆகிக் கனவைக் குறிக்கிறது. அக்காலத்தில் கனவுக்கு 'ஸ்வெவ்ன்' என்று வேறு சொல் இருந்தது. 'ஏயட்' என்றால் செல்வம், நல்வாய்ப்பு, பேறு. இது பொதுவழக்கில் மாண்டு மனிதர் பெயர்களில் பிழைத்தது: எட்வர்ட், எட்மண்ட், எட்கர், எட்வின். எட்வர்ட் என்றால் பேற்றைக் காப்பவன், எட்வின் என்றால் பேற்றின் நண்பன். நம் ஊர்க் கிறித்தவக் குடும்பங்களில் இந்தப் பெயர்கள் தலைமுறைகளாக வழங்குகின்றன. இங்கேயும் ஓர் எட்வினோ எட்வர்டோ அமர்ந்திருக்கக்கூடும். ஆங்கிலமே மறந்துவிட்ட ஒரு மகிழ்ச்சிச் சொல்லை அவர் பெயராகத் தாங்கியிருக்கிறார்.

ஆங்கிலம் மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் வைத்திருக்கும் சொற்கள் எங்கே பிறந்தன, எப்படி இன்றைய பொருளுக்கு வந்தன என்பதே இன்றைய பேச்சு. மகிழ்ச்சியைக் குறிக்கும் தலையாய சொற்கள் ஒருவருக்கு வெளியிலிருந்து வந்து வாய்த்ததைக் குறித்துப் பிறந்தவை. துயரச் சொற்களில் பல உடம்பில் பிறந்தவை. சில, ஊர் ஒரு மனிதனுக்குச் செய்த கொடுமையில் பிறந்தவை. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இவை எல்லாமே மனத்துக்குள் குடிபுகுந்து, வெறும் உணர்ச்சியின் பெயர்களாகிவிட்டன. இதில் மொழி ஒரு நுட்பத்தைப் பெற்றது. கூடவே ஒரு நியாயத்தை இழந்தது என்பது என் துணிபு.

'ஹாப்பி' என்ற சொல்லில் தொடங்குகிறேன். தமிழில் பேசும்போதே நாம் நாள்தோறும் பயன்படுத்தும் சொல் இது. இதன் வேர் 'ஹாப்'. வடகடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்த சொல். தற்செயலாக வாய்ப்பது, அதிர்ஷ்டம் என்று பொருள். நிகழ்வதைச் சொல்லும் 'ஹாப்பன்', ஒருவேளை என்னும் 'பெர்ஹாப்ஸ்', விபத்தைச் சொல்லும் 'மிஸ்ஹாப்', கதியற்றவரைச் சொல்லும் 'ஹாப்லெஸ்' எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ஹாப்பி' தோன்றியபோது அது அதிர்ஷ்டசாலியைக் குறித்தது. அவர் முகம் மலர்ந்திருந்தாரா என்பது அந்தச் சொல்லின் கவலையே இல்லை. உள்ளக் களிப்பு என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இந்தப் பழைய 'ஹாப்' ஓரிடத்தில் அழகாக நிற்கிறது. கணவனை இழந்த ரூத், மாமியாரோடு பெத்லகேமுக்கு வருகிறாள். பிழைப்புக்கு வழியில்லை. அறுவடை நடக்கும் வயலில் அறுப்பவர்களுக்குப் பின்னால் சிந்திய கதிர் பொறுக்கப் போகிறாள். எந்த வயல், யாருடைய வயல் என்று தெரிந்து போகவில்லை. அவளுடைய 'ஹாப்', அது போவாஸின் நிலமாக அமைந்தது என்கிறது ஆங்கிலப் பாடம். பின்னர் போவாஸ் அவளை மணந்தார். தாவீது அரசனுக்கு அவள் பூட்டியானாள். இந்த இடத்தில் ரூத் மகிழ்ந்தாள் என்று நூல் சொல்லவில்லை. கால் போன போக்கில் போனவளுக்கு நல்லது வந்து வாய்த்தது. அவ்வளவே 'ஹாப்'.

அதே விவிலியத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முதல் சங்கீதத்தின் தொடக்கத்திலும், நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தில் ஞானத்தைக் கண்டடைந்தவரைப் போற்றும் இடத்திலும் எபிரேய மூலத்தில் உள்ளது 'அஷ்ரே' என்ற ஒரே சொல்தான். ஆங்கிலப் பெயர்ப்பாளர்கள் முதல் இடத்தில் 'பிளெஸ்ட்' என்றும் இரண்டாவது இடத்தில் 'ஹாப்பி' என்றும் எழுதினார்கள். அவர்கள் காலத்தில் இரண்டும் அடுத்தடுத்த வீட்டுச் சொற்கள். நம் பழைய தமிழ் விவிலியம் இரண்டு இடத்திலும் 'பாக்கியம்' என்ற சொல்லிலிருந்தே பெயர்த்தது. பாக்கியம் என்பது ஒருவருக்கு விதிக்கப்பட்ட பங்கு, கிடைத்த பேறு. அந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். 'ஹாப்பி' தன் பிறந்த வீட்டில் என்ன பொருள் தந்ததோ, அதைத் தமிழ்ச்சொல் சிதையாமல் காக்கிறது. மலைப்பொழிவை 'ஹாப்பி' என்று தொடங்கும் இக்கால ஆங்கிலப் பெயர்ப்புகளும் உண்டு. துயரப்படுகிறவர்களை 'ஹாப்பி' என்று அழைப்பதைக் கேட்டு இன்றைய வாசகர் திகைக்கிறார். சொல்லின் பழைய பொருளை அறிந்தவர் திகைக்கமாட்டார்.

மகிழ்ச்சியை அதிர்ஷ்டத்தோடு கட்டிவைத்தது ஆங்கிலம் மட்டுமில்லை. ஜெர்மன் மொழியில் 'குளூக்' என்ற ஒரே சொல் இரண்டையும் இன்றுவரை குறிக்கிறது. பிரெஞ்சு 'பொனர்' என்பதன் பின்பாதி, பறவைகளைப் பார்த்து நிமித்தம் சொல்லும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நல்ல சகுனம் என்பதே அதன் அடிப்பொருள். கிரேக்கரின் 'யூடைமோனியா' என்பது நல்ல தெய்வத்தின் துணை வாய்த்த நிலை.

ஆனால் அதிர்ஷ்டமும் நல்வாழ்வும் ஒன்றா என்ற ஐயம் கிரேக்கருக்கு அப்போதே இருந்தது. லிதியா நாட்டு அரசன் குரோசஸ், தன் கருவூலத்தை ஏதென்ஸின் சோலோனுக்குக் காட்டி, உலகில் பேறு பெற்றவர் யார் என்று கேட்ட கதையை ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றின் முதல் நூலில் எழுதியிருக்கிறார். சோலோன் சொன்னது அரசனின் பெயரை அன்று; நாட்டுக்காகப் போரிட்டு இறந்த டெல்லஸ் என்ற குடிமகனின் பெயரை. ஒருவர் வாழ்ந்து முடிக்கும்வரை அவரை அதிர்ஷ்டசாலி என்று சொல்லலாம், பேறு பெற்றவர் என்று சொல்லலாகாது என்றும் அவர் விளக்கினார். இரண்டுக்கும் இரு வேறு சொற்கள் கிரேக்கத்தில் இருந்தன. 'ஹாப்பி' ஒன்றையே வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்கள் இன்றும் திண்டாடுகிறார்கள்.

அதிர்ஷ்டச் சொற்களில் ஒன்று நம் பக்கத்திலிருந்து போனது. 1754 ஜனவரி 28 அன்று ஹொரேஸ் வால்போல், ஃபிளாரன்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த தம் நண்பர் ஹொரேஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் 'செரண்டிப்பிட்டி' என்ற சொல்லைப் புதிதாக ஆக்கினார். தேடாத நல்லதை, அறிவுக்கூர்மையாலும் தற்செயலாலும் கண்டடைவது அது. செரண்டிப் நாட்டின் மூன்று இளவரசர்கள் என்ற கதையிலிருந்து எடுத்ததாக அவரே விளக்குகிறார். செரண்டிப் என்பது பாரசீகரும் அரபியரும் இலங்கைக்கு இட்ட பெயர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அந்தச் சொல்லைச் சீந்துவாரில்லை. 20ஆம் நூற்றாண்டில் அறிவியலாளர்கள் கையில்தான் அதற்கு வாழ்வு வந்தது.

'ஸில்லி' என்ற சொல்லின் கதை எனக்கு மனவருத்தம் தருவது. பழைய ஆங்கிலத்தில் அது 'கெசேலிக்'. பேறு பெற்றவர், இறையருள் பெற்றவர் என்று பொருள். ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான 'ஸேலிக்' இன்றும் திருநிலை எய்தியவரைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் நடந்தது வேறு. இறையருள் பெற்றவர் கபடமற்றவர் என்றாயிற்று. கபடமற்றவர் தற்காப்பில்லாதவர், பாவப்பட்டவர் என்றாயிற்று. சாஸர் தம் மில்லர் கதையில், மனைவியாலும் அவள் காதலனாலும் ஏமாற்றப்படும் தச்சனை 'ஸெலி' என்று திரும்பத் திரும்ப அழைக்கிறார். அங்கே அந்தச் சொல் இரக்கத்துக்கும் இளக்காரத்துக்கும் நடுவில் நிற்கிறது. அதற்குப் பிறகு வலுவற்றவர், கடைசியில் முட்டாள். பேறு பெற்றவரில் தொடங்கி அறிவிலியில் முடிந்த இந்தப் பயணத்தைச் சொல்லின் தற்செயலான சறுக்கலாக என்னால் பார்க்க முடியவில்லை. கள்ளமில்லாதவரை இரங்கத்தக்கவராகவும், இரங்கத்தக்கவரை ஏளனத்துக்குரியவராகவும் ஒரு சமூகம் படிப்படியாகப் பார்க்கத் தொடங்கியதன் பதிவு இது.

மற்ற மகிழ்ச்சிச் சொற்களை விரைந்து கடக்கலாம். 'கிளாட்' என்பது முதலில் பளபளப்பு, ஒளி. ஜெர்மனில் அதன் உறவான 'கிளாட்' வழவழப்பைக் குறிக்கிறது. 'சியர்' என்பது பிரெஞ்சு வழியாக வந்த முகம்; நல்ல 'சியர்' என்றால் நல்ல முகக்களை. பிறகு அது மனநிலைக்கும், விருந்துக்கும், ஊக்கக் கூச்சலுக்கும் ஆகிவந்தது. 'ஜாய்' லத்தீன் 'கௌதியா'வின் பிரெஞ்சுக் குழந்தை. 'பிளெஸ்' என்ற வாழ்த்துச் சொல்லுக்கும் இரத்தத்தைக் குறிக்கும் 'பிளட்'டுக்கும் ஒரே வேர் என்று பெரும்பாலான அறிஞர் கொள்கிறார்கள். பலியின் குருதியைத் தெளித்துப் புனிதமாக்கியதன் சுவடு அதில் இருக்கிறது. 'ஃபெலிஸிட்டி'க்கு அடியிலுள்ள லத்தீன் 'ஃபெலிக்ஸ்' கனி தரும் மரத்துக்கு வழங்கிய அடைமொழி. 'யூஃபோரியா' மருத்துவர் சொல்லாக ஆங்கிலத்துக்குள் வந்தது. நோயாளி நோயைத் தாங்கி நலமாக உணர்வதைக் குறித்தது.

துயரச் சொற்களுக்கு வருவோம். அங்கே என்னை முதலில் நிறுத்துவது 'ஸாட்'. பழைய ஆங்கிலத்தில் இதற்கு வயிறு நிறைந்தவர் என்று பொருள். லத்தீனில் போதும் என்பதைக் குறிக்கும் 'ஸாட்டிஸ்' இதன் உறவு. மனநிறைவைச் சொல்லும் 'ஸாட்டிஸ்ஃபாக்‌ஷன்' அந்த லத்தீன் வழியில் வந்தது. ஆக நிறைவும் துயரமும் ஒரே வேரில் கிளைத்தவை. ஜெர்மானியர் சாப்பிட்டு எழும்போது இன்றும் 'ஸாட்' என்பார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் மட்டும் அது நிறைந்தது, திகட்டியது, சலித்தது, கனத்தது என்று நகர்ந்து, 1300 வாக்கில் துயரத்தைத் தொட்டது. உணவிலும் மதுவிலும் மட்டுமில்லை, போரில் தெவிட்டிப்போனவனுக்கும் பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் வழங்கியது. வெட்டிச் சலித்த வீரனை நினைத்துப் பார்த்தால், நிறைவிலிருந்து துயரத்துக்குச் செல்லும் அந்த வழி எவ்வளவு குறுகியது என்று புரியும்.

கனம் என்ற இடைப்பட்ட பொருள் தொழிற்கூடங்களில் நெடுங்காலம் பிழைத்தது. துணி தேய்க்கும் முழு இரும்புப் பெட்டிக்கு 'ஸாட் அயர்ன்' என்று பெயர். அயோவா மாநிலத்து மேரி ஃபுளோரன்ஸ் பாட்ஸ் என்ற பெண்மணி 1871இல் காப்புரிமை பெற்ற, பிடியைத் தனியே கழற்றக்கூடிய தேய்ப்புப் பெட்டி அந்தப் பெயரில்தான் ஊரெங்கும் விற்றது. இயற்கைச் சாயமிடுவோர், இரும்பு உப்பைச் சேர்த்து நிறத்தை மங்கவைப்பதை இன்றும் 'ஸாடன்' செய்வது என்கிறார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களிலும் 'ஸாட்' பலமுறை ஆழ்ந்த, விளையாட்டில்லாத என்ற பொருளிலேயே வருகிறது. மச் அடோ அபவுட் நத்திங் நாடகத்தில், தன்னைப் பற்றி நண்பர்கள் பேசுவதை ஒளிந்திருந்து கேட்கும் பெனடிக், அவர்கள் 'ஸாட்'டாகப் பேசியதால் அது கேலியாக இருக்க முடியாது என்று முடிவுகட்டுகிறான். அங்கே யாரும் அழவில்லை.

'ஸாரோ', 'ஸாரி' இரண்டும் கேட்பதற்கு அக்காள் தங்கை போல் இருக்கின்றன. உண்மையில் அவற்றுக்குள் உறவில்லை. 'ஸாரோ' கவலையைக் குறித்த பழஞ்சொல்; ஜெர்மனில் 'ஸோர்க'. 'ஸாரி' புண்ணைக் குறிக்கும் 'ஸோர்' என்பதிலிருந்து வந்தது. 'ஸாரி' சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குப் புண்ணாயிருக்கிறது, வலிக்கிறது என்றுதான் அந்தச் சொல் ஆதியில் பேசியது. பேருந்தில் காலை மிதித்துவிட்டு உதட்டளவில் உதிர்க்கும் சொல்லாக அது தேய்ந்ததில் எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டு.

'கிரீஃப்' கனம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. புவியீர்ப்பைக் குறிக்கும் 'கிராவிட்டி' அதன் ஒன்றுவிட்ட உறவு. 'டிரியரி' இன்று சோர்வூட்டும் மழைநாளைக் குறிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது இரத்தம் சொட்டுவதைக் குறித்தது. வேதனையைச் சொல்லும் 'ஆங்க்விஷ்', பதற்றத்தைச் சொல்லும் 'ஆங்ஸைட்டி', நெஞ்சுவலியைச் சொல்லும் 'ஆஞ்சைனா' மூன்றும் லத்தீனில் குரல்வளையை நெரிப்பதைக் குறிக்கும் ஒரே வினையிலிருந்து பிறந்தவை. சினத்தைக் குறிக்கும் 'ஆங்கர்', ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக வந்தது. வந்தபோது அதற்குத் துன்பம், வேதனை என்றுதான் பொருள். சினமாக மாறியது பிற்பாடு. வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர் 1768இல் நெஞ்சுவலி ஒன்றை விவரித்து 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று பெயரிட்டார். இதய மருத்துவமனைக்குப் போய்வந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அந்தப் பெயர் தெரியும். நெஞ்சை யாரோ நெரிப்பதுபோல் இருக்கிறது என்று நோயாளி சொல்வதும், அந்த லத்தீன் வினை சொல்வதும் ஒன்றே.

'டிஸ்மல்' என்பது நாள்காட்டியிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் மாதத்துக்கு இரண்டாக ஆண்டில் 24 நாள்களைக் கெட்ட நாள்கள் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். லத்தீனில் 'தியேஸ் மாலி', தீய நாள்கள். எகிப்திய நாள்கள் என்றும் பெயர் உண்டு. நம் பஞ்சாங்கத்துக் கரிநாளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாளின் பெயராக இருந்தது, பின்னர் சோர்வு கப்பிய எதையும் குறிக்கும் உரிச்சொல்லாயிற்று. பொருளியலுக்கு 'டிஸ்மல் ஸயன்ஸ்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பொருளியல் மாணவர்கள் அறிவார்கள். அதைச் சூட்டியவர் தாமஸ் கார்லைல், ஆண்டு 1849. மேற்கிந்தியத் தீவுகளில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை மீண்டும் கட்டாய உழைப்பில் பூட்ட வேண்டும் என்று வாதாடிய கட்டுரையில்தான் அந்தத் தொடர் வருகிறது. தேவையும் வழங்கலும் என்று பேசிய பொருளியலர், அம்மக்களைத் தங்கள் போக்கில் விட்டுவிடச் சொன்னார்கள் என்பதே அவருடைய எரிச்சல். ஜான் ஸ்டூவர்ட் மில் மறு ஆண்டே கடுமையாக மறுத்து எழுதினார். அந்தத் தொடரைச் சிரித்துக்கொண்டே மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பிறப்பை அறிந்திருக்க வேண்டும்.

இனி, இந்தப் பேச்சில் நான் நெஞ்சுக்கு நெருக்கமாக வைத்திருக்கும் சொல். 'ரெச்'. எழுத்தில் டபிள்யூவில் தொடங்கி ஒலியில் ரகரத்தில் தொடங்கும் சொல். இன்று இரங்கத்தக்க பிறவி என்றும், சிலவேளை இழிபிறவி என்றும் பொருள். பழைய ஆங்கிலத்தில் 'வ்ரெக்கா'. துரத்து, விரட்டு என்ற வினையிலிருந்து வந்த பெயர். விரட்டப்பட்டவர், நாடுகடத்தப்பட்டவர் என்று பொருள். ஆங்கிலோ சாக்சன் சமூகத்தில் ஒருவருக்கு உயிர்க்காப்பு அவருடைய உறவும் தலைவனும்தான். இரண்டையும் இழந்தவருக்குச் சட்டமும் இல்லை, அடுப்பங்கரையும் இல்லை. பிஷப் லியோஃப்ரிக் 11ஆம் நூற்றாண்டில் எக்ஸிட்டர் பேராலயத்துக்குக் கொடுத்த ஒரு கையெழுத்துத் தொகுப்பு இன்றும் அங்கேயே இருக்கிறது. அதில் கணவனைப் பிரிந்து, ஒரு கருவாலி மரத்தடியில் மண்குகையில் வாழும்படி விதிக்கப்பட்ட பெண்ணின் புலம்பல் ஒன்று உண்டு. அவள் தன்னை நட்பற்ற 'வ்ரெக்கா' என்கிறாள். தன் மனநிலையை அவள் அங்கே சொல்லவில்லை. தனக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறாள்.

இதே வேர் ஜெர்மனில் 'ரெக்க' ஆயிற்று. அங்கே அதற்குப் பெருவீரன் என்று பொருள்! ஊர் துறந்து, துணையின்றி, வாளொன்றை நம்பி அலைந்தவனை அந்த மொழி வியந்தது. பழைய ஆங்கிலத்தின் பேவுல்ஃப் காப்பியத்திலும் சிகமுண்டு என்னும் பெருவீரன் 'வ்ரெக்கா'க்களிலேயே புகழ்மிக்கவன் என்று போற்றப்படுகிறான். ஆக ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு ஒருகாலத்தில் இரண்டு முகங்கள் இருந்தன. பிற்கால ஆங்கிலம் வீரனை விட்டுவிட்டு ஏழையை மட்டும் வைத்துக்கொண்டது. பிறகு, விரட்டியவர்களை மறந்துவிட்டு விரட்டப்பட்டவரின் அவலத்தை மட்டும் வைத்துக்கொண்டது. கடைசியில் அவலத்தையே அவருடைய இழிவாக்கியது. நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலைக்காக எம்மா லாசரஸ் 1883இல் எழுதிய கவிதையில், நாடிழந்தோரின் தாய் என்று சிலையை அழைத்துவிட்டு, வந்து சேர்வோரை 'ரெச்சட்' என்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பொருளும் சொல்லும் அந்தப் பதினான்கு அடிகளுக்குள் மறுபடி சந்தித்துக்கொண்டன. கவிஞர் அதை எண்ணி எழுதினாரோ இல்லையோ, வாசிக்கும் நாம் அதை உணராமல் கடந்துபோகக் கூடாது.

மருத்துவம் தந்த சொற்களும் உண்டு. 'மெலங்கலி' என்றால் கரும்பித்தம். உடலில் நான்கு நீர்மங்கள் ஓடுகின்றன, அவற்றில் கரும்பித்தம் மிகுந்தால் மனம் இருளும் என்பது ஹிப்போகிரட்டிஸ் மரபின் மருத்துவம். ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த ராபர்ட் பர்ட்டன் இந்த ஒரு நோயைப் பற்றி 1621இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டு, 1640இல் இறக்கும்வரை பதிப்புக்குப் பதிப்பு பெருக்கிக்கொண்டே போனார். இந்த நோயிலிருந்து தப்பவே அதைப் பற்றி எழுதுகிறேன் என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். 1688இல் பாஸல் பல்கலைக்கழகத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தால் நோயுறுவோரைப் பற்றிய தம் ஆய்வேட்டில், வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். அது அன்று உயிர் குடிக்கும் நோய். இன்று பழைய பாட்டைக் கேட்டுச் சுகமாக ஏங்குவதற்குப் பெயர்.

மனச்சோர்வுக்கு இன்றைய மருத்துவம் வழங்கும் 'டிப்ரெஷன்' என்பதற்குக் கீழே அழுத்துவது என்று பொருள். வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கும் வானிலைத் துறை ஆங்கிலத்தில் இதே சொல்லைத்தான் வழங்குகிறது.

இனி, இந்தச் சொற்கள் வெளியிலிருந்து உள்ளே இடம்பெயர்ந்தது எப்போது? ஒரே நாளில் நடந்ததில்லை. ஆனாலும் 18ஆம் நூற்றாண்டைத் திருப்பம் என்று சொல்வேன். வாய்ப்பால் வருவது என்றிருந்த 'ஹாப்பினெஸ்' அப்போதுதான் மனிதர் நாடித் தேடக்கூடிய பொருளாகவும், அரசுகள் கணக்கிடக்கூடிய பொருளாகவும் ஆயிற்று. 1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் உயிரோடும் சுதந்திரத்தோடும் சேர்த்து, மகிழ்ச்சியை நாடுவதையும் மனிதரின் பறிக்கமுடியாத உரிமையாக வைத்தது. அதிர்ஷ்டம் என்ற பழைய பொருளில் நின்று பாருங்கள்: அதிர்ஷ்டத்தை நாடும் உரிமை என்பது பொருளற்ற தொடர். சொல்லின் அடித்தளமே மாறியிருந்ததால்தான் அந்த வாக்கியத்தை எழுத முடிந்தது. 1789இல் ஜெரமி பெந்தம் தம் நூலில் இன்பதுன்பங்களைச் செறிவு, நீடிப்பு, உறுதி, அண்மை என்று அளவுகளால் கணக்கிட முயன்றார்.

இந்த மாற்றத்தை நான் பழிக்கவில்லை. மகிழ்ச்சி விதியின் கையில் இருக்கிறது என்று நம்பியவர்கள், அடிமையின் துன்பத்தையும் விதி என்றே விட்டிருப்பார்கள். அதை நாடலாம், கேட்டுப் பெறலாம் என்று ஒரு மொழி சொல்லத் தொடங்கியது பெரிய விடுதலை. ஆனால் விலையும் இருந்தது. மகிழ்ச்சி என் உள்ளே இருக்கிறது, முயன்றால் கிடைக்கும் என்றானபின், மகிழ்ச்சியில்லாதவர் முயலாதவராகிவிடுகிறார். 'அன்ஹாப்பி' என்றால் ஒருகாலத்தில் கெட்டகாலம் வாய்த்தவர். இரக்கம் மட்டுமே அவருக்கு உரியது. இன்று அதே சொல்லைக் கேட்டதும், உனக்கு என்ன குறை, மனத்தை மாற்றிக்கொள் என்கிறோம். வீட்டைவிட்டு விரட்டப்பட்டவரிடம் மனநிலைப் பயிற்சி பேசும் காலத்தில் இருக்கிறோம். பழைய 'வ்ரெக்கா' அந்தப் பேச்சை ஏற்கமாட்டாள். என்னை விரட்டியது யார் என்று முதலில் கேள் என்பாள்.

2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2018 முதல் பின்லாந்து தலையிடத்தில் தொடர்ந்து வருகிறது. அந்த வரிசைக்கு அடிப்படையான கேள்வியில் 'ஹாப்பி' என்ற சொல் இல்லை. சுழியத்திலிருந்து பத்துவரை படிகள் கொண்ட ஏணியைக் கற்பனை செய்யச் சொல்லி, உங்களுக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு உச்சிப்படி என்றால் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். இன்று மகிழ்ச்சியாக உணர்கிறீர்களா என்பதும் வாழ்வு எப்படி வாய்த்திருக்கிறது என்பதும் வேறுவேறு கேள்விகள். அறிக்கையின் தலைப்பு முதல் கேள்வியைச் சொல்கிறது, உள்ளே இருப்பது இரண்டாவது. சோலோன் பிரித்துக்காட்டியதைப் புள்ளியியலாளர்களும் வேறு வழியில் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சொற்களின் வயதையும் வழியையும் நாம் அறிவதற்குப் பெருந்துணை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி. 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்றது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் எந்தப் பொருளில் ஆளப்பட்டது என்று மேற்கோள்களோடு காட்டுவது அதன் முறை. அந்த மேற்கோள்களைத் தொண்டர்கள் பல ஊர்களிலிருந்து நூல்களைப் படித்துச் சீட்டெழுதி அனுப்பினார்கள். அவர்களில் சிறந்தவர் ஒருவர் வில்லியம் செஸ்டர் மைனர், அமெரிக்க இராணுவ மருத்துவர். மனநோயின் பிடியில் 1872இல் லண்டனில் ஒரு தொழிலாளியைச் சுட்டுக் கொன்று, பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். அந்த அறையிலிருந்து ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான சீட்டுகளை அவர் அனுப்பினார். பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே அங்கேயே சென்று அவரைச் சந்தித்தார். ஆங்கிலத்தின் துயரச் சொற்களுக்கு ஆண்டு குறித்துத் தந்த அகராதியில், துயரத்தின் அடியாழத்தில் கிடந்த ஒருவரின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

இங்கே கூடியிருக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாஸரையோ ஷேக்ஸ்பியரையோ ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தையோ நடத்தும்போது ஹாப்பி, ஸாட், ஸில்லி, ரெச் என்ற சொற்கள் வந்தால், எளிய சொற்கள்தானே என்று தாண்டிப் போகாதீர்கள். மாணவர் இடறுவது கடினச் சொல்லில் அல்ல, தெரிந்ததாக நினைக்கும் சொல்லில். பாடத்தை நிறுத்தி, பேரகராதியைத் திறந்து, அந்த நூல் எழுதப்பட்ட ஆண்டில் அந்தச் சொல் என்ன பொருள் தந்தது என்று மாணவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த அகராதியை வாங்க வசதியில்லாத கல்லூரிகள் நம் மாவட்டங்களில் உண்டு. சொற்பொழிவுக்குச் செலவிடும் நிதியில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒரு கல்லூரி நூலகத்துக்கு அதை வாங்கித் தரச் செலவிடுங்கள். முதல் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, கிராமத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் கல்லூரியாகப் பாருங்கள்.